அடுத்த அளவு

ஜனவரி 9, திங்கள், காலை 7:40. மூன்று மாதத்தில் உனக்கு வந்த ஆர்டர் 214. அதில் நீ நோட்டில் கையால் எழுதியது 214. முகவரி தப்பாகப் போய்த் திரும்பி வந்தது 6.

அக்கா,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. எழுதினால் அனுப்புமுன் ஒரு தடவையாவது படிப்பாய்.

நீ படமெடுத்து அனுப்பிய நோட்டை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏற்றிவிட்டேன். உன் கையெழுத்தில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் கிடையாது. தபால்காரர் பொறுமைசாலி.

குறைமாதக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்து விற்கிறாய். 900 கிராம், 1300 கிராம், 1800 கிராம் என்று குழந்தை எடைப்படி மூன்று அளவு. நெஞ்சிலும் காலிலும் ஒட்டியிருக்கும் வயர் வெளியே வரச் சின்னச் சின்னத் துளைகள். நல்ல சரக்கு, தேவையும் இருக்கிறது. ஆனால் கடை நடத்தும் விதம் மளிகைக் கடைச் சீட்டை விட மோசம். படத்தைப் போட்டு, கீழே யார் என்ன எழுதினார்கள் என்று தேடி, நோட்டில் எழுதி, மணிக்கட்டு வலிக்கிறது என்று என்னிடம் புலம்புகிறாய்.

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, பெரிய சந்தைத் தளம். அவர்கள் பஜாரில் உனக்கு ஒரு அலமாரி. கூட்டம் வரும், ஆனால் சட்டதிட்டம் அவர்களுடையது. முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, வாடகைத் தளம். கடை உன் பெயரில். பில், முகவரிச் சீட்டு, வாடிக்கையாளருக்குக் கடிதம், எல்லாம் தானாக நடக்கும். மூன்றாவது, மென்பொருளை நாமே நிறுவிக்கொள்வது. சொன்னதை மட்டும் செய்யும். உடைந்தால் நான்தான் ஒட்டவேண்டும்.

எனக்கு இரண்டாவது. ஒரு வாரத்தில் பதில் சொல்.

தம்பி

*

ஜனவரி 12

தம்பிக்கு,

ஒரு வாரம் கெடு வைத்தாய், மூன்றாம் நாளே எழுதுகிறேன். மார்க் போட்டுக்கொள்.

முதலாவது வேண்டவே வேண்டாம். திருப்பி அனுப்புகிற சட்டையை நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா? அது எந்தக் காரணத்துக்காகத் திரும்பி வரும் என்று யோசித்துப் பார்த்தாயா? யோசித்திருக்கமாட்டாய். அந்தப் பார்சலைப் பிரிக்க எனக்குக் கை வராது.

இரண்டாவதில் 'வாடிக்கையாளருக்குக் கடிதம் தானாகப் போகும்' என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் இடிக்கிறது. இந்தக் கடையில் எனக்கு ஒரே ஒரு விதி. நாம் முதலில் எழுதக்கூடாது. சட்டையை அனுப்பியாயிற்றா, அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்களாக எழுதினால் பத்துப் பக்கம்கூடப் பதில் எழுதுவேன். எழுதாவிட்டால் விட்டுவிடுவேன். சட்டை பிடித்ததா, குழந்தை எப்படி இருக்கிறது, எதுவும் கேட்கமாட்டேன். இத்தனை நாளில் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

அதனால் மூன்றாவதுதான் எனக்குச் சரி என்று படுகிறது. சொன்னதை மட்டும் செய்யும் என்கிறாயே, அப்படி ஒரு ஜீவன் இந்த வீட்டில் இதுவரை இருந்ததில்லை. உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அதையே எனக்குப் பதிலா வச்சுக்கயேன்"னு சொல்லிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அக்கா

*

ஜனவரி 13, வெள்ளி, மதியம் 1:05

அக்கா,

மூன்றாவது முடியாது. மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது உடையும். இங்கே எனக்கு ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேர வேலை. உன் கடைக்கும் சேர்த்துக் காவல் நிற்க என்னால் ஆகாது. இதில் பேச்சே இல்லை.

'முதலில் எழுதக்கூடாது' என்பது விதி இல்லை, கூச்சம். வாங்கியவர் மறுபடி வாங்குவார். குழந்தை என்றால் வளரும். 900 வாங்கியவருக்கு அடுத்து 1300 வேண்டும். அதை ஞாபகப்படுத்துவதில் என்ன குற்றம்?

இன்னொன்று. நோட்டில் சில ஆர்டருக்குப் பக்கத்தில் 'துளை வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். 214-ல் 19. வயர் துளைக்காகத்தானே உன் சட்டையையே வாங்குகிறார்கள், துளை இல்லாத சட்டை எதற்கு? இவ்வளவு குறைவாக விற்பதைத் தனி வகையாக வைத்தால் குழப்பம்தான். எடுத்துவிடவா?

தம்பி

*

ஜனவரி 20

தம்பிக்கு,

எடுக்காதே. எதற்கென்றும் கேட்காதே. பத்தொன்பதோ ஒன்றோ, அது கடையில் இருக்கவேண்டும்.

மற்றபடி உன் இஷ்டம். வாடகைத் தளமே இருக்கட்டும். இந்த வாரம் மணிக்கட்டில் பட்டி கட்டிக்கொண்டுதான் தைத்தேன். ஒரு பெண் பார்சல் வரவில்லை என்று மூன்று நாள் எழுதிக்கொண்டே இருந்தாள். முகவரியில் கதவு எண்ணை மாற்றி எழுதியிருக்கிறேன். இங்கே காத்திருக்கும் ஒரு நாள் வேறு கடையில் ஒரு வருஷம். நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 4, சனி, காலை 9:30

அக்கா,

கடை திறந்தாயிற்று. பாஸ்வேர்டை மிஷின் மேல் ஒட்டிவைக்காதே. 'துளை வேண்டாம்' இருக்கிறது, 'விருப்பம் 2' என்ற பெயரில். பழைய 214 பேரையும் ஏற்றிவிட்டேன். மின்னஞ்சல் முகவரி இருந்தது 61 பேருக்கு.

ஆர்டர் வந்தால் முகவரிச் சீட்டு தானாக அச்சாகும். மூன்று நாளில் அனுப்பாவிட்டால் 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று போகும். நீ தைத்தால் போதும்.

தம்பி

*

பிப்ரவரி 26

தம்பிக்கு,

உன்னைப் பாராட்டி எழுதுவது எனக்கு வழக்கமில்லை, அதனால் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இந்த மாதம் ஒரு பார்சல்கூடத் தப்பாகப் போகவில்லை. வலி குறைந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு சட்டை கூடுதலாகத் தைக்கிறேன். உன் மாமா சீட்டு அச்சாவதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார். "இத அவன் அஞ்சு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?"னு கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். இருந்தாலும், நன்றி.

அக்கா

*

மார்ச் 14, செவ்வாய், மாலை 6:15

அக்கா,

ஒரு நல்ல சேதி. திட்டாமல் படி.

இன்று காலை பத்து மணிக்கு அந்த 61 பேருக்கும் ஒரு கடிதம் போனது. தளத்தில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது: யார் என்ன அளவு வாங்கினார்கள் என்று பார்த்து, அடுத்த அளவைக் காட்டும். வாசகம் நான் எழுதியதுதான், தேநீர் இடைவேளையில், பத்து நிமிஷம். 'உங்கள் குட்டிச் செல்லம் இப்போது வளர்ந்திருக்குமே! அடுத்த அளவுச் சட்டை தயாராகக் காத்திருக்கிறது.' கீழே ஒரு பொத்தான். இனி மாதாமாதம் 14-ஆம் தேதி போகும்.

மாலைக்குள் ஏழு ஆர்டர். ஒரே நாளில்! நீ ஒரு வாரம் உட்கார்ந்தாலும் வராது. விதி விதி என்றாயே, விதியை மீறினால் என்ன ஆகிறது என்று பார்.

தம்பி

*

மார்ச் 15

தம்பி,

ஏழு ஆர்டரையும் பார்த்தேன். ஆறு பேர் சரி. நல்லபடியாக வீட்டுக்குப் போன பிள்ளைகள். ஒரு அம்மா தொட்டில் படம்கூட அனுப்பியிருக்கிறாள்.

ஏழாவதைச் சொல்கிறேன். உன் பட்டியலில் அவள் டிசம்பர் 22 அன்று 900 கிராம் அளவு வாங்கியவள். துளை வேண்டாம். தபாலில் அனுப்ப நேரம் இல்லை, இன்றைக்கே வேண்டும் என்று எழுதியிருந்தாள். நானே பஸ் ஏறிக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் புருஷன் வந்து வாங்கினார். பையைப் பிரித்து அங்கேயே சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துளை இல்லையேங்க?"

"இல்லைங்க."

"வயரெல்லாம் எடுத்துட்டாங்க. இனிமே தேவைப்படாது."

அவ்வளவுதான் பேசினோம். நீ ஜனவரியில் கேட்டாயே, துளை இல்லாத சட்டை எதற்கு என்று. புரிந்ததா? பத்தொன்பதும் அதுதான். சிவப்பு மையில் எழுதி வைத்தது அதற்குத்தான். துவைத்தால் சுருங்குமா என்று கேட்காமல் சட்டை வாங்கும் அம்மாவிடம் நான் எதுவுமே கேட்பதில்லை.

அவள் நேற்று மதியம் 1300 அளவு ஒன்று ஆர்டர் செய்திருக்கிறாள். துளை வேண்டாம். குறிப்புப் பெட்டியில் எழுதியிருக்கிறாள்: 'கொஞ்சம் லூசாகவே தையுங்கள். சீக்கிரம் வளருகிறான்.'

உன் 61 பேரில் சிவப்பு மை பதினொரு பேர். ஒருத்தி ஆர்டர் செய்தாள். ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்: 'மூன்று மாதம் கழித்து என் மனைவி இன்றைக்குத்தான் குளித்துத் தலை சீவி உட்கார்ந்தாள். உன் கடிதத்தை என் போனில் அவள்தான் படித்தாள். நீயெல்லாம் மனுஷியா?' மனுஷி என்று என்னைத்தான் கேட்கிறார். கடையில் என் படம்தானே இருக்கிறது.

மீதி ஒன்பது பேர் ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் அதை எங்கே வைத்துப் படித்தார்கள்? பஸ்ஸிலா, ஆபீஸிலா, அடுப்படியிலா? காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மிஷினைத் தொடவில்லை.

அக்கா

*

மார்ச் 15, புதன், மதியம் 2:10

அக்கா,

தானாகப் போகும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மாதக் கடிதம், தாமதக் கடிதம், எல்லாம். இனி நீ சொல்லாமல் ஒரு எழுத்து வெளியே போகாது.

அந்த ஆர்டரைச் சத்தமில்லாமல் நீக்க முடியும். அவருக்கு எந்தத் தகவலும் போகாது. பணத்தைத் திருப்பிவிடலாம். சரி என்று ஒரு வார்த்தை எழுது, ஒரு நிமிஷ வேலை.

பதினொரு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் தயாராக எழுதி வைத்திருக்கிறேன்.

தப்பு என்னுடையது. ஆனால் ஒன்று சொல்லியாகவேண்டும். நான் ஜனவரி 13 அன்று கேட்டேன். கேட்காதே என்றாய். ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பதினொன்றையும் வடிகட்டியிருப்பேன். அதற்கு எனக்கு நாற்பது வினாடி ஆகியிருக்கும். ஏன் சொல்லவில்லை?

தம்பி

*

மார்ச் 16

தம்பி,

மன்னிப்புக் கடிதம் அனுப்பினால் உன்னைச் சும்மா விடமாட்டேன். ஒரு முறை கதவைத் தட்டியது போதாதா, மறுபடி தட்டி 'தட்டியதற்கு மன்னிக்கவும்' என்று சொல்வாயா?

ஆர்டரையும் நீக்காதே. அவள் காத்திருப்பாள். வராவிட்டால் எனக்கு எழுதிக் கேட்பாள். அப்போது என்ன பதில் சொல்வாய்? 'உங்கள் பிள்ளை இறந்துவிட்டது தெரிந்துவிட்டதால் ரத்து' என்றா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். கேட்டது நியாயம்தான். உன்னிடம் சொல்ல எனக்குப் பயம். பத்தொன்பது பேரைப் பற்றிச் சொன்னால் இருபதாவதாக என்னைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். என் பையனுக்கு அன்றைக்கு அளவான சட்டை இந்த ஊரிலேயே இல்லை. நர்ஸ் கட்டுத்துணியைச் சுற்றிக் கொடுத்தாள். இந்தக் கடை எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய், யூடியூப் பார்த்தா?

அவன் போன அடுத்த வாரம் நீ போன் பண்ணினாய். ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, வீட்ல நெட் ஸ்பீடு எவ்ளோ வருது?"ன்னு கேட்டாய். நான் எழுந்துபோய் அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொன்னேன். இருபது நிமிஷம் அதைப் பற்றியே பேசினோம். அதற்கப்புறம் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியே பழகிவிட்டது.

அந்தச் சட்டையைத் தைக்கப்போகிறேன்.

அக்கா

*

மார்ச் 19, ஞாயிறு, காலை 8:00

அக்கா,

மூன்று நாளாகச் சத்தமே இல்லை. மாமாவிடம் கேட்டேன். "தெச்சா, பிரிச்சா, மறுபடி தெச்சா"ன்னு மட்டும் சொன்னார். எழுது. திட்டியாவது எழுது.

தம்பி

*

மார்ச் 21

தம்பிக்கு,

இரண்டு தரம் பிரித்தேன். 'லூசாக' என்றால் எவ்வளவு லூசு என்று தெரியவில்லை. பிள்ளை இருந்தால் நெஞ்சு சுற்றளவு கேட்பேன். கடைசியில் அரை அங்குலம் விட்டேன்.

தபாலில் போட மனசு வரவில்லை. நேற்று நானே போனேன். மாடிப்படி ஏறி மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் சின்னப் பெண், என்னை விடப் பத்து வயது இளையவள். கையில் நனைந்த துணி, ஏதோ துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைக் கடைப் படத்தில் பார்த்திருக்கிறாள், உடனே தெரிந்துகொண்டாள்.

"நீங்களே வந்துட்டீங்களா? உக்காருங்கக்கா."

உட்கார்ந்தேன். பார்சலை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவளாகவே வாங்கிப் பிரித்தாள்.

"பயப்படாதீங்கக்கா. எனக்குப் பைத்தியமெல்லாம் இல்ல. அவன் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"அந்த மெயில் தப்பா வந்துடுச்சும்மா. என் தம்பி தெரியாம..."

"தெரியும். எல்லாருக்கும் போயிருக்கும்னு தெரியும். ஆனா பாருங்க, மூணு மாசமா யாரும் அவனப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எங்கம்மா கூட. என் வீட்டுக்காரர் அவன் பேச்சு எடுத்தாலே வெளிய போயிடுவார். அப்படி ஒருத்தன் பொறந்தானான்னே எனக்குச் சந்தேகம் வர ஆரம்பிச்சுடுச்சு. அன்னிக்கு உங்க மெயில்ல, வளர்ந்திருக்குமேன்னு இருந்துச்சு. ஆமால்ல, இந்நேரம் வளர்ந்திருப்பான்னு நெனச்சேன். ஒரு ஆள் கேட்டாங்களேன்னு இருந்துச்சு. அவ்ளோதான்க்கா."

சட்டையைத் தன் உள்ளங்கையில் விரித்து வைத்து, முழம் போடுவது போல விரலால் அளந்தாள். "சரியா இருந்திருக்கும்"னு சொன்னாள்.

நான் எழுந்தபோது வாசல்வரை வந்தாள்.

"அடுத்த மாசமும் வருமாக்கா, அந்த மெயில்?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கி வந்துவிட்டேன்.

தம்பி, நான் அவளுக்கு எழுதாமல் இருந்தது அவள் நல்லதுக்கு என்று நினைத்திருந்தேன். அவளைச் சுற்றி எல்லாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இன்னொருவர் எழுதியதும் பொய் இல்லையே. அவர் மனைவி மறுபடி படுத்துவிட்டாளாம், நேற்று இன்னொரு வரி அனுப்பியிருக்கிறார். ஒரே கடிதம். யாருக்கு எது என்று எந்த நோட்டில் பார்ப்பது? ஒன்பது பேர் இன்னும் வாய் திறக்கவில்லை. கடையை மூடிவிடலாமா என்று இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 22, புதன், காலை 6:50. உன் கடிதத்தைப் படித்தது 5 தடவை. எழுதிக் கிழித்த பதில் 3.

அக்கா,

நெட் ஸ்பீடு கேட்டது ஞாபகம் இருக்கிறது. போனை எடுக்குமுன் வேறு ஒன்றைக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். உன் குரலைக் கேட்டதும் பயந்துவிட்டேன். கேள்வி வேண்டும், பதில் எண்ணாக வரவேண்டும், அதுதான் அப்போது வாயில் வந்தது. இது சாக்கு இல்லை. நடந்தது இதுதான்.

வாடகைத் தளத்தை எடுத்ததும் உனக்காக இல்லை. உடைந்தால் நான் ஒட்டவேண்டியிருக்கும் என்பதற்காக. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையை மூடாதே. இந்த வாரமும் யாராவது ஒருத்தர் 900 அளவு கேட்பார். கட்டுத்துணிதான் கிடைக்கும் என்று சொல்ல உன்னால் முடியாது.

இனி நான் செய்யப்போவது:

1. கடையை மூன்றாவது வழிக்கு மாற்றுவேன். மூன்று வாரம் ஆகும். உடைந்தால் ஒட்டுவேன். எந்த நேரமானாலும்.

2. அதில் தானாகக் கடிதம் அனுப்பும் வசதியையே வைக்கமாட்டேன். நிறுத்தி வைப்பது போதாது. இருந்தால் ஒரு நாள் நானே மறுபடி தொடுவேன்.

3. உன்னைத் திட்டியவருக்கு நான் எழுதுவேன், என் பெயரில். அவராக எழுதியவர், அதனால் உன் விதி மீறாது. 'அந்த வாசகத்தை எழுதியது நான், என் அக்கா இல்லை.' அதற்கு மேல் ஒரு வரி இருக்காது. அவர் பதில் எதுவானாலும் படிப்பேன்.

4. ஒன்பது பேருக்கு எழுதமாட்டேன். அவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அதைச் சரிசெய்ய வழி இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

5. ஏப்ரல் 13 அன்று உனக்கு ஒரு வரி அனுப்புவேன்: 'நாளை 14.' மூன்றாவது மாடிக்கு எழுதுவதா, போவதா, சும்மா இருப்பதா என்பது உன் பாடு.

6. விடுப்புக் கேட்டேன். தரமாட்டோம் என்றார்கள். இருந்தாலும் ஏப்ரல் 2, ஞாயிறு வருகிறேன். வேலை இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும்.

7. உன் பையனுக்கு இந்த மாதம் ஆறு வயதும் நாலு மாதமும். வந்ததும் உன் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு இப்போது எந்த அளவு தைப்பாய் என்று கேட்பேன். நீ பதில் சொல்லாமல் எழுந்துபோனால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். மறுநாளும் கேட்பேன்.

தம்பி